பதினாலாவது மாடிக்கு ஒரு கொள்கை

தத்துவம் படித்தவர்களுக்கு வேலை கிடைக்காது என்று ஊரில் சொல்கிறார்களே, அது சுத்தப் பொய். பெங்களூரில் நவசிந்தனா பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே தத்துவமும் அரசியலும் சேர்ந்த நாலு வருடப் படிப்பில் மூன்றாவது வருடம் முழுக்க வேலைதான். வகுப்பு கிடையாது, பரீட்சை கிடையாது. மாணவர்களை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்; வருடம் முடிந்ததும் வந்து திரும்ப எடுத்துக்கொள்வார்கள். சம்பளம் ஒன்றுதான் கிடையாது. மற்றபடி அசல் வேலை.

இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த மகானுபாவர் டிரேவர். அவர் அறை வாசலில் 'தொழில் தொடர்பு இயக்குநர்' என்று பித்தளைப் பலகை பளபளக்கும். ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் உற்சாகம் வந்தால் தமிழுக்கு வந்துவிடுவார். மேடை ஏறினால் அவருக்கு உற்சாகம் வராமல் இருந்ததே இல்லை.

"போன வருஷம் நம்ம பையன் ஒருத்தன் நாய்க்கு முடி வெட்டற கடையில பிளேஸ் ஆனான்" என்று வேலை ஒதுக்கும் நாளன்று மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "அவன் ரோல் என்ன தெரியுமா? கன்சென்ட்! முடி வெட்டிக்க நாய்க்குச் சம்மதமா இல்லையான்னு யோசிக்கணும். வருஷம் பூரா யோசிச்சான். முடிவுக்கு வரல. கடைக்காரர் எங்கிட்ட வந்து என்ன சொன்னாரு? 'சார், இவன் மாதிரி ஒருத்தன நான் பாத்ததே இல்ல'ன்னாரு. அதான்மா இம்பாக்ட்!"

எல்லோரும் கைதட்டினார்கள். சிந்துவும் தட்டினாள். அவளுக்கு டிரேவரின் தயவு வேண்டியிருந்தது. வேலை செய்த இடத்தில் 'திருப்திகரம்' என்று கையெழுத்து வாங்கி வந்தால்தான் நாலாவது வருடம். வாங்காவிட்டால் மூன்றாவது வருடத்தையே மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவளுடைய உதவித்தொகையோ நாலு வருடத்துக்குத்தான், ஒரு நாள்கூட நீளாது. கையெழுத்து இல்லையென்றால் ஜீவனஹள்ளியில் இருக்கும் வீட்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்பா முனிராஜ் வேலை செய்கிற பெயின்ட் கடையில் இன்னோர் ஆளுக்கு இடம் இருந்தது. அதை நினைத்துக் கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

"சிந்து, உனக்கு லக்குமா" என்றார் டிரேவர். "வைட்ஃபீல்ட்ல 'சாந்த சிகரா'ன்னு ஒரு அபார்ட்மென்ட். அவங்க அசோசியேஷனுக்கு நெறி ஆலோசகர் வேணுமாம். தத்துவமும் இருக்கு, அரசியலும் இருக்கு. எலெக்‌ஷன்ல சேர் எல்லாம் வீசியிருக்காங்க, பாத்துக்கோ!"

சிந்து அந்தப் பெயரை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள். சாந்த சிகராவின் பதினாலாவது மாடியில் அவள் அம்மா யசோதா சமையல் செய்துகொண்டிருந்தாள். காக்ஸ் டவுனில் இருந்த அந்த வீட்டுக்காரர்கள் வைட்ஃபீல்டுக்குக் குடிபோனபோது பீரோ, கட்டிலோடு சமையல்காரியையும் அங்கே மாற்றினார்கள். கட்டிலை லாரியில் அனுப்பினார்கள். யசோதா தினமும் பெங்களூர் ஈஸ்ட் ஸ்டேஷனில் ரயில் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் கொஞ்சமும் அசரவில்லை.

"போ. ஆனா அங்க என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத."

"ஏம்மா?"

"சமையக்காரி பொண்ணு நியாயம் சொன்னா எவன் கேப்பான்? மொதல்ல கையெழுத்து வாங்கு. அப்பறம் அம்மாவாச்சு, பொண்ணாச்சு."

அப்படித்தான் இருவரும் ஒரே ரயிலில் போய், ஒரே டப்பாவில் புளிசாதம் பங்கு போட்டுத் தின்று, சாந்த சிகராவின் கேட்டுக்கு முன்னால் இருக்கும் பஸ் நிறுத்தத்தில் அந்நியர்களாகிவிடுவார்கள். சிந்து கழுத்தில் நீல நிற டேக் தொங்கும். அதைப் பார்த்ததும் செக்யூரிட்டி சல்யூட் அடித்து லிஃப்டைக் காட்டுவார். பின்னால் வரும் யசோதாவுக்கு மாடிப்படியைக் காட்டுவார். யசோதாவுக்கு வலது முட்டியில் வலி. பதினாலு மாடி.

வேலைக்காரர்களுக்கென்று ஒரு சர்வீஸ் லிஃப்ட் இருக்கத்தான் செய்தது. மழைக்காலத்தில் படுத்தது, எழுந்திருக்கவில்லை. பராமரிப்பு உபகுழுவைக் கேட்டால், செலவு என்பதால் நிதி உபகுழு சொல்ல வேண்டும் என்றது. நிதி உபகுழுவைக் கேட்டால், குடியிருக்காதவர்களுக்காகச் செலவழிப்பது நெறிப் பிரச்சினை, நெறி உபகுழு சொல்ல வேண்டும் என்றது. நெறி உபகுழுவைக் கேட்டால், நாங்கள் கொள்கை மட்டும்தான் பார்ப்போம், மோட்டார் பார்ப்பதில்லை என்றது. இந்த நெறி உபகுழுவுக்குத்தான் சிந்து ஆலோசகர்.

முதல் நாளே சங்கத் தலைவியின் முன்னால் போய் நின்றாள். தலைவி சீதாலட்சுமி, பெரிய மென்பொருள் கம்பெனி ஒன்றில் துணைத் தலைவர்; வீட்டிலிருந்தே அமெரிக்காவை ஆட்டிவைப்பவர். யசோதா சமைப்பது இந்த அம்மாள் வீட்டில்தான். கிளப் ஹவுஸ் அலமாரியில் ஒரு வெள்ளிக் கோப்பை இருந்தது. தீபாவளிப் பலகாரப் போட்டியில் முதல் பரிசு.

"அதிரசம்" என்றார் சீதாலட்சுமி, கோப்பையைத் தடவிக்கொண்டே. "பாகு காய்ச்சினதிலேருந்து எல்லாம் என் கையால. எவ்வளவு பெரிய வேலைல இருந்தாலும் நம்ம வேரை விடக்கூடாது பாரு."

அந்தப் பாகு யார் கையில் தெறித்தது என்று சிந்துவுக்குத் தெரியும். அம்மாவின் விரல்களில் கொப்புளம் ஆறாமல் அவள்தான் அந்த வாரம் முழுக்க வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். "ரொம்ப சந்தோஷம் மேடம்" என்றாள்.

"விஷயத்துக்கு வர்றேன். நாங்க எல்லாரும் ரொம்ப ஓப்பன் மைண்டட், சிந்து. எங்க சமையக்காரம்மா எனக்கு அக்கா மாதிரி. புடவை எல்லாம் எடுத்துக் குடுப்பேன். அக்காவோட ஒரே லிஃப்ட்ல போறதுதான் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கு. செக்யூரிட்டி வாயால சொல்லிப் படியில அனுப்பறாரு. அதை எவனோ வீடியோ எடுத்துப் போட்டுட்டான். ஒரே அசிங்கம். அதனால எழுத்துல ஒரு விதி வேணும். வேலைக்காரி, டிரைவர்ங்கற வார்த்தையே அதுல வரக்கூடாது. நாம யாரையும் ஒதுக்கல. அவங்க வராம இருந்தாப் போதும். அதுக்கு ஒரு பிரின்சிபிள் கண்டுபிடி."

சிந்து அப்பாவி. விதி என்றால் எல்லோருக்கும் ஒரேபோலப் பொருந்த வேண்டும் என்று இரண்டாம் வருடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதை அவள் நம்பியும் தொலைத்திருந்தாள்.

"அவங்களுக்கும் மத்தவங்களுக்கும் என்ன வித்தியாசம் மேடம்?"

சீதாலட்சுமி யோசித்தார். "எப்பப் பாரு கையில பையோட வருவாங்க."

சிந்து அழகாக எழுதிக் கொடுத்தாள்: கையில் பை உள்ளவர்கள் லிஃப்டில் ஏறக்கூடாது. உபகுழு ஏகமனதாக நிறைவேற்றியது.

மறுநாள் காலை யசோதா டப்பாப் பையை சிந்துவிடம் ரயிலிலேயே கொடுத்துவிட்டு, வெறும் கையை வீசிக்கொண்டு வந்து லிஃப்டில் ஏறினாள். மற்ற வேலைக்காரப் பெண்களும் அப்படியே. கையில் லேப்டாப் பை வைத்திருந்த மென்பொருள்காரர்கள் மொத்தப் பேரும் படியில் ஏறினார்கள். சங்கத்தின் பொருளாளர் சஞ்சய் லேப்டாப்பைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்தார். செக்யூரிட்டி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கர்ப்பிணிகளுக்கு விலக்கு உண்டா என்று வாக்கி டாக்கியில் கேட்டார்.

"இது சரியில்ல" என்றார் சீதாலட்சுமி. "வேற பாரு. ஆங், வியர்வை! வெயில்ல வர்றாங்க இல்ல, லிஃப்டே ஒரு மாதிரி ஆயிடுது. இது ஹைஜீன். இதுல யாரும் வாயே திறக்க முடியாது."

வியர்வை உள்ளவர்கள் லிஃப்டில் ஏறக்கூடாது. செக்யூரிட்டி கையில் ஒரு பெட்டி டிஷ்யூ பேப்பரைக் கொடுத்தார்கள். வருகிறவர்கள் நெற்றியில் ஒற்றிப் பார்ப்பார். ஈரம் பட்டால் படி. கேட்டிலிருந்து டவர் வரை மரநிழல்; யசோதா அந்த நிழலில் நிதானமாக நடந்து, முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு வந்து நெற்றியை நீட்டினாள். காகிதம் மொடமொடவென்று இருந்தது. வாக்கிங் போய்விட்டு வந்த சீதாலட்சுமியின் நெற்றியில் ஒட்டிய காகிதம் பிரியவே மாட்டேன் என்றது. நெற்றியில் காகிதத்தோடு பதினாலு மாடி ஏறிப் போனார். மேலே போய்ச் சேர்ந்தபோது அமெரிக்கா அவருக்காக வீடியோவில் காத்திருந்தது. அங்கே அது ஏதோ பண்டிகை அடையாளம் என்று நினைத்து வாழ்த்துச் சொன்னார்களாம்.

"சிந்து, நீ படிச்ச பொண்ணுதானே?" என்று அன்று சாயங்காலம் கத்தினார். "சிம்பிளா யோசி. நாம சம்பளம் குடுக்கறோம், அவங்க வாங்கறாங்க. சம்பளம் வாங்கறவங்க ஏறக்கூடாது. முடிஞ்சுது கதை!"

"மேடம், உங்களுக்கும்..."

"எழுதும்மா! உன் கையெழுத்து என் கையில இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ."

எழுதினாள். மறுநாள் சாந்த சிகராவில் படி ஏறாதவர்கள் ஓய்வு பெற்றவர்கள், சம்பளமில்லாமல் வீட்டைப் பார்த்துக்கொள்பவர்கள், குழந்தைகள், நாய்கள். சஞ்சய் மட்டும் தனக்கு வருவது சம்பளமில்லை, பங்குகள் என்று செக்யூரிட்டியோடு அரைமணி நேரம் சண்டை போட்டார். ரொட்டிக் கடையில் பங்கைக் கொடுத்தால் பன் தருவார்களா என்று செக்யூரிட்டி கேட்டார். சஞ்சய் படி ஏறினார்.

இந்த முறை யசோதாவும் தப்பவில்லை. ஊரே ஏறும்போது அவளும் ஏறினாள். சம்பளமே இல்லாத சிந்து மட்டும் இரண்டு லாப்ரடாரோடும் ஒரு பக் நாயோடும் லிஃப்டில் நின்றாள். ஆறாவது மாடியில் பக் இறங்கிக்கொண்டது. கதவு திறந்த இடைவெளியில், படித் திருப்பத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவை சிந்து பார்த்தாள். அவளுக்குத் தாங்கவில்லை. வெளியே காலை வைத்தாள்.

யசோதா நிமிர்ந்து பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "பேடா, வேணாம்... போ மேல!" என்றாள். கதவு மூடிக்கொண்டது. ஒரு லாப்ரடார் சிந்துவின் கையை நக்கியது. மீதி எட்டு மாடியும் சிந்து அழுதுகொண்டே போனாள்.

அதற்கப்புறம் உபகுழு கூடியபோது சிந்துவின் குரலில் மரியாதை அப்படியே இருந்தது, அப்பாவித்தனம்தான் கொஞ்சம் குறைந்திருந்தது.

"இனிமே தகராறே வேண்டாம்" என்றார் சீதாலட்சுமி. "சொந்தக்காரங்க மட்டும். கட்டடம் நம்முது, லிஃப்ட் நம்முது. வாடகைக்கு இருக்கறவங்களும் கொஞ்சம் அடங்குவாங்க."

"முழு உரிமையாளர்னு போடட்டுமா மேடம்?"

"பலே! முழு உரிமையாளர், அப்புறம் அவர் கூட்டிட்டு வர்ற விருந்தினர். இந்த வாட்டி பொதுக்குழுவுலயே நிறைவேத்திடுவோம். அடுத்த பொதுக்குழு வரைக்கும் எவனும் கை வைக்க முடியாது."

எல்லோரும் கை தூக்க, கரகோஷத்தோடு நிறைவேறியது. பிறகு செக்யூரிட்டி தன் பதிவேட்டுக்காகப் பத்திரம் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. சீதாலட்சுமியின் பத்திரம் வீட்டுக் கடனுக்காக வங்கியில் இருந்தது. இன்னும் பதினெட்டு வருடம் அங்கேதான் இருக்கும். சஞ்சயின் பத்திரமும் வங்கியில். எல்லார் பத்திரமும் வங்கியில். விதிப்படி பார்த்தால் லிஃப்டில் ஏற உரிமை உள்ளவர் வங்கி மேனேஜர்தான், அவர் வரவில்லை.

கடன் இல்லாத வீடு ஒன்றே ஒன்று. ரயில்வேயில் ஓய்வு பெற்ற அய்யாவு, ஆஸ்டின் டவுனில் இருந்த பழைய வீட்டை விற்று ரொக்கமாக வாங்கிய தரைத்தள வீடு. மனுஷன் அதுவரை லிஃப்டை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. மனைவி போனதிலிருந்து பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் வாசலில் நின்று போகிறவர் வருகிறவரையெல்லாம் "என்ன சேதி?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். எல்லோரும் காதில் எதையாவது செருகிக்கொண்டு ஓடிவிடுவார்கள்.

மறுநாள் காலை அய்யாவு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு லிஃப்டுக்குள் குடியேறினார். தெர்மாஸ் ஃபிளாஸ்க், தினத்தாள், ஒரு கையடக்க மின்விசிறி.

"நானாச்சு, என் விருந்தாளியாச்சு" என்றார். "என்ன சேதி? சேதி இருந்தா ஏறலாம்."

மென்பொருள்காரர்களிடம் சேதி ஏது? ஒருவர் வானிலை சொன்னார். சஞ்சய் பங்குச் சந்தை சொன்னார். "தினத்தாள்ல இருக்குதுப்பா" என்று அய்யாவு படியைக் காட்டினார். வேலைக்காரப் பெண்களிடமோ மாடிக்கு மாடி சேதி. எட்டாவது மாடியில் புருஷனும் பெண்டாட்டியும் பேசி மூன்று மாதம் ஆகிறது, துவைக்கிற மிஷினிலிருந்து ஒருவர் துணியை இன்னொருவர் வெளியே எறிவதுதான் சண்டை. பதினோராவது மாடிக்காரரை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள், தினமும் டேகை மாட்டிக்கொண்டு மெட்ரோவில் கடைசி ஸ்டேஷன் வரை போய்விட்டு வருகிறார். அய்யாவு கண் விரியக் கேட்பார். மாடி வந்தாலும் கதை முடியாவிட்டால் இன்னொரு தரம் கீழே போய் மேலே வருவார்கள்.

யசோதா தினமும் ஏறினாள். முட்டி வலி குறைந்தது. ஆனால் தன் வீட்டுச் சேதி ஒன்றையும் அவள் சொன்னதில்லை. பொதுவாகக் காய்கறி விலை சொல்லிச் சமாளித்தாள். மகளுக்கு வேண்டிய கையெழுத்து சீதாலட்சுமியின் கையில் இருந்ததே!

சாந்த சிகராவில் கலவரம். ஒவ்வொரு வீட்டின் கதையும் நாற்காலியில் உட்கார்ந்து மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. விதியை மாற்றலாம் என்றால் அடுத்த பொதுக்குழு வரைக்கும் முடியாது. அதைச் செய்து வைத்தது யார்? எல்லோரும் சீதாலட்சுமியைப் பார்த்தார்கள். சீதாலட்சுமி சிந்துவைப் பார்த்தார்.

வருடம் முடிந்தது. டிரேவர் மாணவியை மதிப்பிட வந்தார். கிளப் ஹவுஸில் பெயின்ட் அடித்ததால் சந்திப்பு சீதாலட்சுமியின் வீட்டில். கீழே, லிஃப்டுக்கு முன்னால் மூன்று பேரும் நின்றார்கள். சீதாலட்சுமியின் முகம் கடுகடுவென்று இருந்தது.

"டிரேவர், வெளிப்படையாவே சொல்றேன். இந்தப் பொண்ணுக்குத் திருப்திகரம்னு நான் போடப் போறதில்ல. எங்க கம்யூனிட்டியையே கவுத்துட்டா."

"அடடா, அதான் மேடம் இம்பாக்ட்!" என்றார் டிரேவர் பழக்க தோஷத்தில்.

சிந்து மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒரு வருடம், இத்தனை ரயில், இத்தனை நடிப்பு, எல்லாம் பாழ். அப்போது மார்க்கெட்டுக்குப் போய்விட்டு யசோதா கொத்தமல்லிக் கட்டோடு வந்து பக்கத்தில் நின்றாள். நடந்ததை மகளின் முகத்திலேயே படித்துவிட்டாள். இருந்தாலும் வழக்கப்படி ஓர் அடி தள்ளித்தான் நின்றாள். அந்த ஓர் அடிதான் சிந்துவுக்குப் பொறுக்கவில்லை.

லிஃப்ட் திறந்தது. நாற்காலியில் அய்யாவு. "வாங்க, வாங்க. என்ன சேதி?"

டிரேவர் தொண்டையைக் கனைத்தார். "குட் மார்னிங் சார், நான் தொழில் தொடர்பு..."

"இது சேதி இல்லயேப்பா. அடுத்து?"

சிந்து யசோதாவின் கையைப் பிடித்தாள். "சார், என்கிட்ட ஒரு சேதி இருக்கு. இவங்க எங்கம்மா."

அய்யாவு மின்விசிறியை அணைத்தார். "இந்தம்மாவா? பதினாலாவது மாடி சமையக்காரம்மாவா? நீ டேக் போட்டுக்கிட்டுப் போவ, அவங்க படியில போவாங்களே... ஒரு வருஷமாவா? அட ராமா! இதான்டா சேதி! ஏறுங்க, ரெண்டு பேரும் ஏறுங்க!"

ஏறினார்கள். வெளியே நின்ற சீதாலட்சுமி வாயைத் திறந்தபோது, "யசோதா, அக்கா மாதிரி நெனச்சேனே, இப்பிடி ஏமாத்திட்டியே!" என்றுதான் வந்தது.

யசோதா அய்யாவு பக்கம் திரும்பினாள். "சார், இன்னொரு சேதியும் இருக்கு. தீபாவளிக்கு அந்தம்மா அதிரசத்துல கப்பு வாங்கிச்சு இல்ல?"

"ஆமாமா! நான்தானே ஜட்ஜ்!" அய்யாவு நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

மூடப்போன கதவுக்குள் ஒரு விலையுயர்ந்த ரன்னிங் ஷூ வந்து நுழைந்தது. அந்த ஷூவுக்குள் இருந்தது சீதாலட்சுமியின் கால். "டிரேவர், பேனா! அந்த ஃபார்ம் எங்க? குடுங்க இப்படி!" லிஃப்ட் கதவிலேயே வைத்துக் கிறுக்கினார். திருப்திகரம். போதாது என்று தோன்றியதோ என்னவோ, முன்னால் 'மிகவும்' சேர்த்தார். சிந்து வாங்கி டேகோடு சேர்த்து மடித்துப் பைக்குள் போட்டாள்.

"யசோதா... அதிரசம்...?" என்றார் சீதாலட்சுமி, கண்ணால் கெஞ்சிக்கொண்டு.

"நல்லா இருந்துச்சுன்னு சொல்ல வந்தேன் மேடம்" என்றாள் யசோதா.

கால் வெளியே போயிற்று. கதவு மூடியது. தலைவியும் இயக்குநரும் படியைப் பார்த்து நடக்கும் சத்தம் கேட்டது. ஏதோ ஒரு மாடியில் டிரேவர், அடுத்த வருடம் இங்கேயே நாலு பேரைப் போடலாம் என்று மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது மாடி வரை அம்மாவும் மகளும் பிடித்த கையை விடவில்லை.

"நாளையிலேந்து பஸ் ஸ்டாப்புல பிரிஞ்சு நடக்காத" என்றாள் யசோதா. "சேந்தே வா."

"நாளைக்கு நான் எதுக்கும்மா வரணும்? வருஷம் முடிஞ்சுபோச்சே."

"அட, ஆமா இல்ல!" யசோதா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அய்யாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும்மா. அந்த அதிரசம் என்னாச்சு?"

யசோதா கொத்தமல்லிக் கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கொப்புளத் தழும்பு இருந்த விரல்களை அவர் முன்னால் நீட்டினாள். ஒன்பதாவது மாடி வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள். இருந்தும் அய்யாவு இன்னொரு தரம் கீழே போகலாம் என்றார்.